பத்திரிகை வைக்கணுமா, கொடுக்கணுமா: மேலமாசி வீதிப் பக்கம் ஒரு பழைய அச்சகம்

பெயர் போட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போர்டில் பாதி எழுத்து வெயிலில் வெளுத்துவிட்டது, மீதியைப் பக்கத்துக் கடையின் ஏசி மெஷின் மறைக்கிறது. பில் புக்கிலும் பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும். மேலமாசி வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், பாத்திரக் கடைக்கு மேல் மாடி. 'டிரெடில்காரர் கடை' என்று கேட்டால் டீக்கடையில் கை காட்டுவார்கள். காலால் மிதித்து அச்சடிக்கிற அந்த டிரெடில் மெஷினை எடைக்குப் போட்டு இருபது வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. இப்போது மகன் கம்ப்யூட்டரில் அடிக்கிறார், அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புரூஃப் பார்க்கிறார். பெரியவர் சின்ன வயதில் ஈய எழுத்துப் பொறுக்கிக் கோத்த கம்போசிட்டர். விரல் நுனியெல்லாம் இன்னும் தேய்ந்து மழுமழுவென்று இருக்கிறது.

பதின்மூன்று மாதத்தில் இரண்டு வேலை கொடுத்தேன். முதலாவது அப்பாவின் பதினாறாம் நாளுக்கு. இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு.

முதல் தடவை அங்கே போனதற்குக் காரணம் வேறொரு கடையின் போஸ்டர். அப்பா போன வருஷம் ஆடியில் போனார். 84 வயது. மில்லில் ஸ்பின்னிங்கில் 36 வருஷம் நின்ற உடம்பு. ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பாடை கட்டுவதற்கு முன்னால் போஸ்டர் ஒட்டியாகிவிடும். சித்தப்பா மகன் விடிந்ததும் ஒரு கடைக்கு ஓடினான் (எந்தக் கடை என்பது வேண்டாம்). அங்கே ஏற்கெனவே யாருக்கோ அடித்து வைத்திருந்ததில் படத்தையும் பேரையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பத்து மணிக்குள் காளவாசலிலிருந்து ஆரப்பாளையம் வரைக்கும் சுவரெல்லாம் அப்பா. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'அகால மரணம்'.

உசிலம்பட்டி அத்தை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அதைப் பார்த்திருக்கிறார். தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டார்: "எந்த லாரிக்காரன்டா எங்கண்ணன அடிச்சுப் போட்டது!" அன்றைக்குப் பூராவும் கேதம் கேட்க வந்தவர்களுக்கு நாங்கள் சொன்ன முதல் வார்த்தை, "விபத்தெல்லாம் இல்லீங்க." தம்பியைக் கேட்டால், "அகாலம்னா துக்கத்தக் கொஞ்சம் கூட்டிக் காட்டுற வார்த்தைன்னு நெனச்சேன்க்கா" என்கிறான். பேரப்பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புவரை பார்த்துவிட்டுத் தூக்கத்தில் போன மனுஷனுக்கு அகாலமா! காலம் வராமல் போனவனுக்கு, கல்யாணப் பேச்சு நடக்கும்போது பைக்கில் போனவனுக்குச் சொல்கிற வார்த்தை அது.

அதனால் பதினாறாம் நாள் வேலையை அவசரக் கடைக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஆபீசில் ஒருவர் இந்த மாடியைச் சொன்னார்.

பெரியவர் தாளையும் அளவையும் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. "அப்பா சாமி கும்பிடுவாரா தாயி?" என்றார்.

"ஆவணி மூலத்துக்குப் புட்டுத்தோப்புக்குத் தவறாமப் போவாரு. ஆனா விபூதி வச்சுப் பாத்ததில்ல. யூனியன்காரர்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "இறைவனடி சேர்ந்தார்னு போட்டா யூனியன் ஆளுக சிரிப்பாங்க. இயற்கை எய்தினார்னு போட்டா ஒங்கம்மா அழுவாங்க. காலமானார்னு போட்டுருவோம்."

நான் பி.ஏ. தமிழ் படித்துவிட்டுக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் சீட்டு எழுதிக்கொண்டிருப்பவள். நன்னூலில் 'மங்கலம்' என்று ஒரு பாடம் உண்டு. செத்தார் என்று சொல்லாமல் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, ஓலையைத் திருமுகம் என்பது. இரண்டு மார்க் கேள்வி, எழுதிவிட்டு மறந்துவிட்டேன். இந்த மாடியில் அந்த இரண்டு மார்க் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஐம்பது வருஷமாகப் பிழைக்கிறார். செத்தார் என்பதற்கு மாற்றாக ஒரு நல்ல வார்த்தை கிடைத்தால் போதாது, அது எந்த வீட்டு நல்ல வார்த்தை என்பதுதான் அவர் கவலை. கிறிஸ்தவ வீடென்றால் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. முஸ்லிம் வீடென்றால் 'வஃபாத்தானார்கள்', அந்த 'கள்' விட்டுப்போகக் கூடாது. திருநீறு பூசும் வீட்டுக்குச் 'சிவலோகப் பதவி', நாமம் போடும் வீட்டுக்கு 'வைகுண்ட பதவி'. பழைய டைரி ஒன்றில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். காலமானார் என்ற சொல் மட்டும் எந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்விடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைப் பிரித்துப் பார்த்தேன். காலம் ஆனார். அதுவரை நான் அந்தச் சொல்லை ஒழுங்காகக் கேட்டதே இல்லை என்று தோன்றியது.

தம்பி எழுதிக் கொடுத்த தாளில் மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. பெரியவர் ஒரு கோடு போட்டார். "அஞ்சலி செலுத்துறது வெளியாளு. நண்பர்கள், சங்கம், தெருக்காரங்க. வீட்டு ஆளு சேதிதான் சொல்லணும்." 'கருமாதிப் பத்திரிகை' என்று நான் வாய்தவறிச் சொன்னதற்கும் திருத்தம் வந்தது: "அது கார்டு தாயி. பத்திரிகைங்கிறது நல்லதுக்கு." கார்டில் 'உத்தரகிரியை' என்று போட்டார். வாயில் கருமாதி, போனில் காரியம், அச்சில் உத்தரகிரியை. நூறு கார்டு, கறுப்புக் கரை, ஒன்று 5 ரூபாய். வாங்கிக்கொண்டு இறங்கும்போது அவர் எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். துக்கக் காரியத்துக்கு வந்தவர்களைப் பார்த்துப் 'போயிட்டு வாங்க' என்று சொல்ல மாட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்த வருஷம் ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். வேறு கடையை நான் யோசிக்கவே இல்லை.

"எத்தன வேணும்?"

"முந்நூறு ஐயா."

"அப்படிச் சொல்லாத. வைக்கிறதுக்கு எத்தன, கொடுக்கிறதுக்கு எத்தன, அனுப்புறதுக்கு எத்தன?"

மதுரையில் பிறந்து வளர்ந்து ஐம்பத்து மூன்று வயதில் இந்தக் கணக்கை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் கேட்டதும் புரிந்துவிட்டது. 'வைக்கிறது' என்றால் புருஷனும் பொண்டாட்டியுமாகப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காயோடு பத்திரிகையை வைத்து, வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு நீட்டுவது. 'கொடுக்கிறது' ஆபீசிலும் வாசலில் நின்ற மேனிக்கும். 'அனுப்புறது' தபாலில். "எனக்கு அவன் பத்திரிகை வைக்கலப்பா, கொடுத்துட்டுப் போனான்" என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்த பெரியப்பா எங்கள் வீட்டிலேயே உண்டு. நாலாவதாக இப்போது ஒன்று வந்திருக்கிறது, வாட்ஸப்பில் 'போட்டு விடுறது'. அதை அந்த வினையோடு சொல்லும்போதே மரியாதைக் குறைச்சல் தெரிந்துவிடும், குப்பையைப் போடுவதும் அதே வினைதானே.

வைக்கிற பத்திரிகைக்குக் கனமான அட்டை, தட்டில் வளையாமல் நிற்க வேண்டும். கொடுக்கிறதற்கு அதைவிட மெலிசு. அட்டை எல்லாம் சிவகாசியிலிருந்து வருவதுதான், அதில் இந்தக் கடைக்குத் தனி விசேஷம் ஒன்றும் கிடையாது. கனத்தது 28 ரூபாய், மெலிந்தது 14. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் விசாரித்தால் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

அடுத்தது பெயருக்கு முன்னால் போடுகிற பட்டம். என் மகள் மூத்தவள், அவளுக்குக் கீழே ஒரு பையன் இருக்கிறான். மாப்பிள்ளை மூன்று பிள்ளைகளில் கடைசி. பெரியவர் பெண்ணுக்குத் 'திருவளர்செல்வி' என்றும் மாப்பிள்ளைக்குத் 'திருநிறைசெல்வன்' என்றும் எழுதினார். வீட்டில் இன்னும் கல்யாணம் பாக்கியிருந்தால் திரு வளர்கிறது, கடைசிப் பிள்ளை என்றால் நிறைந்துவிட்டது, இதுதான் பத்திரிகை அடிக்கிறவர்கள் கணக்கு. இரண்டிலும் நடுவில் 'ச்' கிடையாது. "ஊறுகாய்னுதான எழுதுற? ஊறுக்காய்னா எழுதுற?" வினைத்தொகை. வளர்ந்த, வளர்கிற, வளரும் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும், அங்கே வல்லினம் மிகாது. கல்லூரியில் எங்களுக்கு ஊறுகாய்க்கு அடுத்த உதாரணமாகச் சொன்னது சுடுகாடு. பெரியவர் ஊறுகாயோடு நிறுத்திக்கொண்டார், மேஜையில் கல்யாண மேட்டர் கிடந்ததல்லவா. நான்காம் தமிழ்ச் சங்கத்தைப் பாண்டித்துரைத் தேவர் 1901இல் இந்த ஊரில்தான் தொடங்கினார், ஆனால் ஊர்ச்சுவரில் இருக்கிற போஸ்டர்களைப் பார்த்தால் ஒற்றெழுத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

பெண்ணின் தாத்தா பெயர் வர வேண்டிய இடத்தில் நான் 'அமரர்' என்று எழுதியிருந்தேன். "அது மேடைக்கு, போஸ்டருக்கு" என்றார். "காலஞ்சென்ற?" என்றேன். "அது பத்திரத்துக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கேப்பாங்க." என் தங்கச்சி வீட்டுக்காரர் போனிலேயே "லேட்டுன்னு போட்டா டீசண்டா இருக்கும்" என்றார், அதைப் பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் 'தெய்வத்திரு'. போன வருஷம் இதே ஸ்டூலில் காலமானார் ஆனவர், இந்த வருஷம் தெய்வத்திரு. விபூதி வைக்காத மனுஷனுக்கு இது தகுமா என்று கேட்டேன். "சாவுக்கு அவரு சம்மதிக்கிற வார்த்த போட்டோம். கல்யாணத்துக்கு ஒங்கம்மா சம்மதிக்கிற வார்த்த."

இனி மொய் விஷயம். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கடைசி வரியாகப் போடச் சொல்லி அனுப்பியிருந்தாள்: 'மொய், அன்பளிப்பு தவிர்க்கவும்'. பெரியவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"மொய் வேணாமா, அன்பளிப்பு வேணாமா?"

"ரெண்டும்தான் ஐயா. ரெண்டும் ஒண்ணுதான?"

"செய்முறை?"

நான் பேசவில்லை.

"ஒங்கப்பா எத்தன வீட்டுக்குச் செஞ்சிருப்பாரு? அதெல்லாம் திரும்பி வர வேணாம்னு நீ அச்சடிச்சுட்டா, வாங்குனவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பந்தியில ஒக்காருவான்?"

ஆபீஸ்காரர்கள் கொண்டுவரும் சுவர்க்கடிகாரமும் பூங்கொத்தும் அன்பளிப்பு. கொடுத்தவரும் மறந்துவிடுவார், வாங்கியவரும் பரணில் போட்டுவிடுவார். மொய் நோட்டில் ஏறும்: ஊர், பேர், தொகை. யாரும் வாய்விட்டுத் திருப்பிக் கேட்பதில்லை, ஆனால் கொடுத்த வீட்டில் விசேஷம் வந்தால் நோட்டைப் புரட்டிப் பார்த்து அதற்கு மேலே பத்தோ நூறோ சேர்த்து எழுத வேண்டும். செய்முறை உறவைக் கொண்டு நிற்பது. தாய்மாமன் என்றால் இன்னது, அத்தை என்றால் இன்னது என்று உண்டு, அதைச் செய்யாமல் வெறும் கவரை நீட்டினால் "செய்முறை செய்யலையே" என்பார்கள். சீர், பிறந்த வீட்டிலிருந்து தட்டுத் தட்டாக, மேளத்தோடு, தெருவே பார்க்க வர வேண்டியது. ஒரு லட்ச ரூபாயைக் கவரில் வைத்துக் கொடுத்தாலும் அது சீராகாது. தொல்காப்பியத்தில் ஈ, தா, கொடு மூன்றும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கிற சொற்கள் என்றும், தாழ்ந்தவன் ஈ என்பான், சமமானவன் தா என்பான், உயர்ந்தவன் கொடு என்பான் என்றும் வரும். மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் ராஜா காலத்துச் சங்கதி என்று நினைத்திருந்தேன். மகளின் வரி, சமமாக நின்று திருப்பிச் செய்ய வருகிறவனைப் பார்த்து 'நீ ஒன்றும் தர வேண்டாம், போ' என்று மேலே நின்று சொல்வதுபோல ஆகிவிட்டது. அவள் நல்ல மனசோடு எழுதியதுதான்.

பெரியவர் இரண்டு மேட்டர் செய்யலாம் என்றார். பெங்களூர் வரவேற்புக்கான கார்டில் 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' இருக்கட்டும். ஊர்ப் பத்திரிகையில் அந்தப் பேச்சே வேண்டாம். இதற்குத் தனியாக 700 ரூபாய். அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, காசு பிடுங்க வழி கண்டுபிடிக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

கல்யாணத்தன்று மொய் எழுதுகிற மேஜையில் அப்பாவின் பழைய நோட்டையும் வைத்திருந்தோம். நீள நோட்டு, முதல் பக்கத்தில் 'உ', மஞ்சள் கறை. சாப்பாடு பாதி ஓடிக்கொண்டிருந்தபோது செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ஒரு வயசாளி வந்தார். கம்பு ஊன்றி, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு. 501 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு நகராமல் நின்றார். எழுதுகிற பையன், "எழுதியாச்சு தாத்தா, சாப்பிடப் போங்க" என்கிறான். "யாரு கணக்குல எழுதுன?" "பொண்ணோட அப்பா பேருல." "இல்லப்பா. எங்க மூத்தவ சடங்குக்கு ஒங்க தாத்தா அம்பத்தோரு ரூவா செஞ்சாரு. அவரு பேருல எழுது. எழுதி வாசி." நோட்டைப் புரட்டினோம். 1994, அப்பா கையெழுத்து, 51. பையன் சத்தமாக வாசித்தான். அதற்கப்புறம்தான் அவர் பந்திக்குப் போனார். மகள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

இனிக் குறைகள். புதன்கிழமை என்றார்கள், சனிக்கிழமை கிடைத்தது. அரக்குக் கலர் கேட்டேன், வந்தது செங்கல் கலர். கேட்டதற்கு மகன் வெளிச்சத்தைக் குறை சொன்னார், ஆனால் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாலும் செங்கல்தான். ஜிபே கிடையாது, ரொக்கம். மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் கீழே நின்று கூப்பிட்டால் மகன் இறங்கி வருவார். வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள், திருப்ப முடியாது. ஒன்றரை முதல் நாலு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், பெரியவர் தூங்குவார். அந்த நேரத்தில் மகன் மட்டும் எடுக்கும் ஆர்டரில் இந்தக் கேள்விகள் எதுவும் வராது, ஆகவே நாலுக்கு மேல் போங்கள்.

பெரிய குறை ஒன்று. ஒரு ஒற்றுக்கு ஊறுகாய் வரைக்கும் போனவர், மண்டபத்து போன் நம்பரில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 விட்டுவிட்டார். அந்த நம்பர் யாரோ ஒரு டிராவல்ஸ்காரருக்குப் போகிறது, பாவம் அவர் ஒரு வாரம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்துப் போய்க் காட்டினேன். "எழுத்துதான் தாயி எனக்குப் பழக்கம்" என்றார், சங்கடத்தோடு. காசு வாங்காமல் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார்கள், கையில் மிச்சமிருந்த பத்திரிகையிலெல்லாம் நாங்கள்தான் உட்கார்ந்து ஒட்டினோம். இதற்காக ஒரு ஸ்டார் குறைக்கிறேன். ஐந்துக்கு நாலு. ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு இறங்கும்போது இந்தத் தடவை மேலிருந்து சத்தம் வந்தது, "போயிட்டு வாங்க தாயி."

சம்பந்தி வீட்டுக்கு முறைக்காக எங்கள் பத்திரிகையில் 25 கொடுத்திருந்தோம். திருமங்கலத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற அதிகாரி. எதையும் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தரம் படிக்கிற ஆள். தன் பையன் பெயருக்கு முன்னால் ஓரெழுத்து குறைகிறதே என்று அவருக்குப் பட்டிருக்கிறது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நீல மை பேனாவால் 25 பத்திரிகையிலும் 'திருநிறை'க்கும் 'செல்வ'னுக்கும் நடுவே சின்னதாக 'ச்' செருகி உறவுக்காரர்களுக்கு வைத்துவிட்டார். மீதிப் பணம் கொடுக்கப் போனபோது பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"புள்ளி வச்சிருக்காரா?" என்றார்.

"வச்சிருக்காரு ஐயா."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார்.